பத்து நிமிடம் பாக்கி

எல்லீஸ் நகர் ஹவுசிங் போர்டில்
ஞாயிறு ராத்திரி ஒன்பது மணி.
மேல்வீட்டு சோலைமலை ஹார்ட் டிஸ்க்கோடு வருவார்,
கையில் நூறு கிராம் சாத்தூர் சேவு.

டிவியில் கறுப்பு வெள்ளை லண்டன்.
காலை மிதித்தவனும் மிதிபட்டவனும்
ஒரே நேரத்தில் மன்னிப்புக் கேட்கிற ஊர்.
பெரியார் பஸ் ஸ்டாண்டில் அப்படி நின்றால்
பஸ் போய்விடும்.

முதல் காட்சியிலேயே சண்டை,
ஒரே டாக்சிக்கு ரெண்டு பேர்.
"கல்யாணம்தான்" என்கிறார் சோலைமலை.
இன்னும் பெயர்கூடப் போட்டு முடியவில்லை.

அவளுக்கு ஏற்கெனவே நிச்சயமாகியிருக்கும்.
பாவம் அந்த மாப்பிள்ளை.
அதட்டுவதில்லை, பொய் சொல்வதில்லை,
மாமியாருக்கு நாற்காலி இழுத்துப் போடுகிறான்.
அவளை முதலில் பார்த்தவன் அவன்தான்.
படம் அவனிடமிருந்து தொடங்கவில்லை,
அவ்வளவே குற்றம்.
குடும்ப நீதிமன்றத்தில் நான் கண்ட யாரும்
இத்தனை அழகாகக் கைகுலுக்கி விலகியதில்லை.

பிறகு மழை.
இருவருக்கும் சேர்த்து ஒரு குடைதான் இருக்கும்.
நம் கத்திரி வெயிலில் அவன் என்ன செய்வான்,
ஏ.வி. பாலத்தில் வியர்த்து நின்று
கைக்குட்டையையா நீட்டுவான்?
சோலைமலைக்குச் சிரித்துப் புரையேறுகிறது.
தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறேன்.

எனக்குப் பிடித்தது அந்தத் தாமதம்.
சொல்ல வந்ததை விட்டுவிட்டு
டீயைப் பற்றி, நாயைப் பற்றி,
ரயில் நேரத்தைப் பற்றி
ஒன்றரை மணி நேரம் பேசுவார்கள்.
ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பதினேழு வருஷம் இருக்கிறேன்.
உறையைப் பிரிக்கிறவர்களின் விரல்களைப் பார்த்திருக்கிறேன்.
தெரிந்த முடிவுக்குக் காத்திருப்பது
எத்தனை சொகுசு.

கடைசியில் ரயில் நிலையம். புகை.
தொப்பி பறக்க அவன் ஓடுகிறான்.
"நம்ம ஜங்ஷனா இருந்தா
பிளாட்பாரம் டிக்கெட் எங்கேம்பான்"
இது சோலைமலை.
"பாண்டியன் அன்ரிசர்வ்டில்
அவளை எந்த ஜன்னலில் தேடுறது"
இது நான்.

கரண்ட் போய்விட்டது.
இன்வெர்ட்டர் கெட்டு ஒரு மாதம்.

"முடிவுதான் தெரியுமே, மேடம்" என்றார்.
ஆறு மாதமாக மேடம்தான்.
"தெரியும்" என்றேன்.

எதிர் பிளாக்கில் யாரோ பிள்ளைக்கு
நோட்டு அட்டையால் விசிறுகிற சத்தம்.
பொட்டலத்தில் தூள்தான் மிச்சம்.
அவர் எழுந்திருக்கவில்லை.
கொஞ்ச நேரம் கழித்து,
கொல்லம் வண்டி இப்போதெல்லாம்
சரியான நேரத்துக்கு வருகிறதா என்று கேட்டார்.