பைக்குள் கடன்

விராக்கில் எங்கள் கதவாணியில்
ஓர் ஆரஞ்சு நிறப் பை.
புயலுக்கென்று கட்டியது.
ஆனால் எந்தப் புயலுக்கும் முன்னால் வந்துவிடுகிறது
மாதத்தின் இருபத்தெட்டாம் தேதி.

மத்தி டின் இரண்டைத் தின்றது அதுதான்.
டார்ச் பேட்டரி டிவி ரிமோட்டுக்குப் போனது,
ஐந்நூறு பெசோ
ஜெனெலின் பள்ளிச் சுற்றுலாவுக்கு.
விசிலைக் கொழுந்தன் ருஃபோ எடுத்தான்,
கூடைப்பந்து நடுவராக
ஒரே ஒரு ஞாயிறு என்று.

எடுத்தவர் எழுதிப் போட வேண்டும்.
அது என் சட்டம்.
இன்று ரேடியோ சிக்னல் மூன்று என்றது.
பையைக் கவிழ்த்தேன்:
பிளாஸ்டிக் உறையில் நான்கு பிறப்புச் சான்றிதழ்,
சர்க்கரை மாத்திரை, கயிறு,
மிச்சமெல்லாம் துண்டுச் சீட்டு.

வட்டிக்காரி போல உரக்கப் படித்தேன்.
எஃப்ரென் ரிமோட்டின் வயிற்றைத் திறந்தார்.
ஜெனெல் உண்டியலை உடைத்தாள்,
நாற்பது பெசோ குறைந்தது.
பக்கத்து வீட்டு நெனிதா
வேலிக்கு மேல் இரண்டு டின் நீட்டினாள்:
"உன்னுடையதுதான், ஜூனில் எடுத்தேன்."
அவள் சீட்டே எழுதவில்லை.

குடம், வாளி, சோற்றுப் பானைவரை தண்ணீர் பிடித்துவிட்டு
பள்ளிக்கூட மாடிக்கு ஏறினோம்.
முப்பது குடும்பம், ஒரு கழிப்பறை.
தலையை எண்ணினேன்.
ருஃபோ இல்லை.

நள்ளிரவுக்குப் பிறகு
காற்று மூச்சு வாங்கிய இடைவெளியில்
ஆற்றுப் பக்கமிருந்து
மூன்று முறை,
ஃபவுல் கொடுப்பதுபோல் நீளமாய்,
அந்த விசில்.

எஃப்ரென் கயிற்றோடு படியிறங்கி ஓடினார்.
ருஃபோவின் சீட்டு
இன்னும் என் கைக்குள் நனைந்துகொண்டிருக்கிறது.
அவன் திருப்பித் தர வேண்டாம்.