மூன்று பைட் சந்து

காரைக்குடி, கோவிலூர் சாலை.
கல்யாணப் பாத்திரக் கடைக்கு மேல்மாடி.
வாடகை குறைவு. சத்தம் அதிகம்.
கீழே அண்டா உருளும்போதெல்லாம்
என் மேசையில் காபி நடுங்கும்.

லாரி எடைமேடைக்கு டிரைவர் எழுதுகிறேன்.
லாரி ஓட்டுகிற டிரைவர் இல்லை என்று
வீட்டுக்காரி சிட்டாளிடம் இரண்டு முறை சொல்லியாயிற்று.
கெர்னலுக்குள் உட்கார்ந்து
எடையை வாங்கி மேலே தருகிற நிரல்.

தருவது எட்டு பைட்.
முதல் பைட்டில், மேடை நின்றதா ஆடுகிறதா.
கடைசி நான்கில் கிலோ.
நடுவே மூன்று, நான் கேட்காதவை.
எண் நான்கின் மடங்கில் உட்கார்ந்தால்தான் வசதியென்று
கம்பைலர் தானாக விட்ட சந்து.

இரண்டு புலத்தையும் ஒழுங்காக நிரப்பினேன்.
சந்தை யாரும் தொடவில்லை.
முன்பு அந்த நினைவகத்தில் குடியிருந்தவர்
விட்டுப்போனது
அப்படியே கிடந்தது.

நேற்றிரவு பள்ளத்தூர் அரிசி ஆலையின் பதிவில்
பத்தொன்பதாயிரத்து இருநூற்று நாற்பது கிலோ நெல்லுக்கு முன்னால்
இ-சைபர், ஏ-இ, பி-நாலு.

தமிழில் இந்த எழுத்துக்குச் சரியாக மூன்று பைட்.
ழ.

அந்தக் கணினியில் யாரோ எதையோ தட்டியிருக்கிறார்.
எழிலா? வாழவந்தாளா? கூழா?
விழுந்துவிட்டது, உடனே வா, என்பதா?
பொறுமையுள்ளவன் ஒருவன்
ஆயிரம் தடவை எடை கேட்டால் போதும்,
மேடையில் லாரியே இல்லாமல்.

கீழே சண்டை.
கானாடுகாத்தானில் அறுபதாம் கல்யாணத்துக்குப் போன அண்டாவில்
போன வாரத்து ஆட்டுக்கறி வாடையாம்.
"திரும்பி வந்ததும் கழுவித்தான வச்சோம்."
"யாரு கழுவுனது?"
சாத்தையாவிடம் பதில் இல்லை.
கொஞ்ச நேரத்தில் வெந்நீர் ஊற்றுகிற சத்தம்.

ஒரே வரி மாற்றம்.
நிரப்பும் முன் எட்டையும் சைபராக்கு.
புலம் புலமாக அல்ல, அடியோடு.
மெதுவாகிவிடாதா என்று பெங்களூரிலிருந்து கேட்டார்கள்.
லாரி மேடையேறவே இரண்டு நிமிடம் என்று பதில் போட்டேன்.

விடிகாலையில் ஓட்டிப் பார்த்தேன்.
ஆடவில்லை.
சைபர் சைபர் சைபர்.
பதினேழாயிரத்து அறுநூறு.

தூங்கப் போன பிறகுதான் உறைத்தது.
பதிவுக் கோப்பில், குறிப்பேட்டில்,
வெள்ளைப் பலகையில் சிவப்பு வட்டத்துக்குள்
அந்த எழுத்து இன்னும் இருந்தது. யாருடையதோ.
எழுந்து எல்லாவற்றையும் அழித்தேன்.

அழித்தேன் என்று எழுதினால்
நடுவில் வந்து
உட்கார்ந்துகொள்கிறது.