நாற்பத்தைந்தாம் நிமிடம்

மேடைக்கு முதலில் ஏறுகிறவன் நான்.
டர்பன் கிங்ஸ் பார்க்கில் அத்தனையும் காலி நாற்காலி.
மைக்கைத் தட்டிப் பார்ப்பதில்லை,
அது தொழில் தெரியாதவர் செய்வது.
"பாப்பா" என்பேன், காற்று மோதுகிறதா என்று.
"சீச்சீ" என்பேன், உச்சியில் சீறுகிறதா என்று.
பிறகு "வாழைப்பழம்".
அந்த ழ-வில்தான் ஸ்பீக்கரின் வண்டவாளம் தெரியும்.
முப்பது அடி உயரத்தில் விளக்குக் கட்டும் பெகி
குனிந்து சிரிப்பான்:
மறுபடியும் பழமா, முனியன்?

இன்று வருகிறவர் ஸ்லோ ஜூன்.
மெம்ஃபிஸ்காரர். வயது ஐம்பத்து மூன்று.
ஒப்பந்தம் பதினோரு பக்கம்:
உதிர்த்த மாதுளை, வெள்ளைத் துண்டு நாற்பது,
முழங்காலுக்கு ஐஸ்,
மேடை விளிம்பில் வரிகள் ஓடும் திரை மூன்று.

எல்லோரும் ஓட்டுப் போட்ட அந்த வருடம்
விக்டோரியா தெருவில் அவரை ஐந்து ராண்டுக்கு வாங்கினேன்.
பிரதியின் பிரதியின் பிரதி.
உறையில் ஜூனை ஜான் என்று எழுதியிருந்தார்கள்.
மறுபக்கத்தில் கடைக்காரர் பதிந்த சுவிசேஷப் பாட்டு.
ஒரு பக்கத்துக்கு நாற்பத்தைந்து நிமிடம்,
ஆல்பமோ அதைவிடக் கொஞ்சம் நீளம்.
கடைசிப் பாட்டில்
அம்மா வேலை முடிந்து வருகிறாள்,
பேருந்து நிறுத்தம், மழை,
"அவள் கையில் இருந்தது" –
டக்.

என்ன இருந்தது?
சாட்ஸ்வொர்த் மூன்றாம் யூனிட்டில்
நாலு பேர் இதற்காகப் பேச்சுவார்த்தை முறிந்து திரிந்தோம்.
துப்பாக்கி என்றான் க்ளைவ் கதிரவேல்.
ராப் என்றால் துப்பாக்கி, அவ்வளவுதான் அவன் கட்சி.
வேலைநீக்கக் கடிதம் என்றாள் ஷாலீன் அப்பல்சாமி,
அன்று அவள் வீட்டுக்கு அது வந்திருந்தது.
என் அம்மா ஜேக்கப்ஸில் சட்டைத் தொழிற்சாலை.
மழை வந்தால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வாள்,
கால் காய்ந்துவிடும், இது காயாது என்பாள்.
செருப்பு என்று முடித்தேன்.
தாளத்திலும் சரியாக விழுந்தது.

அப்புறம் போனில் இரண்டு தட்டுத் தட்டினால் தெரிந்திருக்கும்.
தட்டவில்லை.

இதற்கிடையில் அவர்
ஏழு ஆல்பம், இடுப்பில் ஒரு குண்டு, பதினான்கு மாதம் சிறை.
மொட்டைத் தலையோடு ஷாம்பு விளம்பரம்.
ஒரு படத்தில் போலீஸ்காரர், நன்றாகவே செய்திருந்தார்.
மூன்றாம் மனைவிக்கு விட்டுக்கொடுத்த வீட்டில்
நீச்சல் குளம் இரண்டாம்.
நான் குரலை மட்டும் பின்தொடர்ந்தேன்.
முதலில் பல்லிலிருந்து பேசினார்.
பிறகு மார்பிலிருந்து.
கடைசி இரண்டு ஆல்பத்தில்
பக்கத்தில் வக்கீல் உட்கார்ந்திருப்பது போல.

மாலை ஒலிச்சோதனைக்கு ஆள் வரவில்லை.
நீயே எதையாவது பாடி அளவு வைத்துக்கொள் என்றார் மேலாளர்.
பாடினேன். நிறுத்தம், மழை,
அவள் கையில் இருந்தது செருப்பு.
எதிர் மேடைப்படிகள் செருப்பு, செருப்பு என்று
அரை நொடி தாமதமாகத் திருப்பிச் சொல்லின.
பெகியின் ஸ்பானர் சத்தம் நின்றது.

இரவு. கண்ணுக்கெட்டிய வரை போன் வெளிச்சம்.
கால்சட்டைக்குள் முழங்கால் பட்டை புடைத்துத் தெரிந்தது.
ஆனாலும் ஆள் ஆள்தான்,
இரண்டாம் பாட்டிலேயே என் கை சிலிர்த்தது.
பத்தாவதாக அது வந்தது.
நிறுத்தம். மழை.
"அவள் கையில் இருந்தது" –
மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிட்டார்.
மைதானமே எதையோ கத்தியது.
என் காதுக்கு அது சொல்லாக வரவில்லை,
மீட்டர் சிவப்புக்கு ஓடியது,
பழக்கத்தில் விரல் இறக்கியது.
வரி ஓடும் திரையை எட்டிப் பார்த்தேன்.
அந்த இடத்தில்
கூட்டம் பாடும் என்று மட்டும் போட்டிருந்தது.

மூன்று மணிக்குக் கேபிள் சுற்றினோம்.
அவர் மைக்கின் வலையைக் கழற்றி
ஸ்பிரிட்டால் துடைத்தேன், மாதுளை வாசனை.
பெகி பெட்டியை லாரிக்குத் தள்ளிக்கொண்டே
பாடிக்கொண்டு போனான், செருப்பு என்று.
நான் திருத்தவில்லை.
சனிக்கிழமை பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஒரு கல்யாணம்.
அதற்கு இரண்டு ஸ்பீக்கர் போதும்.