நாற்பத்தொன்றாவது இணைப்பு

நேற்று மாலை பன்னிரண்டு கிலோவில் நின்ற முள்
காலையில் ஒன்பதில் கிடந்தது.

மஞ்சக்குட்டைச் சரிவு முழுக்கப் பனிமூட்டம்.
சில்வர் ஓக் சொட்டுகிறது,
மிளகுக்கொடி சொட்டுகிறது,
வைத்த காலடியில் செம்மண் ஊறுகிறது.
ஒழுகும் மலையில்
ஒழுகும் குழாயை எங்கே தேட?

கடப்பாரையைக் குழாயில் ஊன்றி
மறுமுனையைக் காதில் வைத்தார் சடையன்.
ஒவ்வோர் இணைப்பாக இறங்கினோம்.
கழுதைகளே ஏற மறுத்த இடம்.
எந்தக் குழாய் எவன் தோளில் வந்ததென்று
காய்த்த தோளுக்குத் தெரியும்.

நாற்பத்தொன்றில் நின்றார்.
கடப்பாரையை என்னிடம் நீட்டினார்.
உள்ளே, சூடான டீயை
யாரோ பல்லிடுக்கில் உறிஞ்சும் சத்தம்.

பக்கத்தில் மஞ்சள் பெயின்டில் என் எழுத்து: மு.

பாறைமேல் காட்டெருமை வந்து நின்ற அந்தி அது.
ஜெனரேட்டர் இருமிக்கொண்டிருந்தது.
கடைசி அரை அங்குலத்தை
ராடு நடுங்க மூடிவிட்டு
கசடு தட்டிப் பார்க்காமல் இறங்கினேன்.

யாரும் எதுவும் கேட்கவில்லை.
பொன்னுரங்கம் கிரைண்டரைத் தூக்கி வந்தான்.
வால்வைத் திறந்தோம்.
மூன்று நாள் ஏற்றிய தண்ணீர்
காப்பிச்செடிகளுக்குள் இரைந்து ஓடியது.
மலைக்கு அந்தத் தண்ணீரை முதலில் குடித்தது
சைட்டில் திரியும் நொண்டி நாய்.
குடித்துவிட்டு
என்னைத்தான் பார்த்தது.