பார்க்க இயலவில்லை

சாகுனேயில், பிப்ரவரி மாதம்,
ரெஜானும் கிஸ்லேனும் வாங்க நினைத்த வீட்டைச்
சோதிக்கப் போனேன்.
கூரையைத் தட்டினேன். கொதிகலனைத் திறந்தேன்.
நிலவறைச் சுவரின் ஈரம் அளந்தேன்.
"நீச்சல் குளம்?" என்றாள் அவள்.
கொல்லையில் இடுப்பளவு பனி.

விற்பவர் வீட்டுச் செருப்போடு வாசலில் நின்று
கை நீட்டினார்:
துணிக்கொடி முடிகிற இடத்தில் ஆழம்,
இந்தப் பக்கம் படிகள்.
போன கோடையில் யாரும் இறங்கவில்லை
என்றார்,
யாரும் கேட்காமலே.

பம்புக்கு எத்தனை வயது,
குழாய்களில் நீர் வடித்தார்களா,
அடி விரிப்பு கிழிந்திருக்கிறதா,
தெரியாது.
மைனஸ் இருபத்தாறில் பேனா எழுதவில்லை.
பென்சிலால் குறித்தேன்:
'நீச்சல் குளம்: பார்க்க இயலவில்லை.'

ரெஜான் அதற்குள் கணக்குப் போட்டிருந்தான்.
வருடத்துக்குப் பத்து வாரம் குளியல்,
ஐம்பத்திரண்டு வாரமும் தவணை.
"மண்ணைக் கொட்டி மூடிவிடலாம்."

அவள் பேசவில்லை.
பூட்ஸ் புதையப் புதைய நடந்தாள்
படிகள் என்று அவர் காட்டிய இடம் வரை.
கையுறையைக் கழற்றி
ஒரு விரலைப் பனிக்குள் விட்டுப் பார்த்தாள்,
இறங்குவதற்கு முன்
தண்ணீர் எப்படி என்று பார்ப்பது போல.

ரெஜான்
என் பென்சிலைக் கேட்டு வாங்கினான்.