கதிரையைத் தூக்குதல்

நாலு இருபத்தைந்து.
பீல் நகரத்தில் ஜெர்மனும் பிரெஞ்சும்
இன்னும் எழும்பவில்லை.
குளியலறை விளக்கைப் போடாமல் முகம் கழுவுகிறேன்.
எதிரே மணிக்கூட்டுத் தொழிற்சாலையின் இரவுவேலை வெளிச்சம்
கண்ணாடிக்குப் போதும்.

முன்னறையில் இடம் கிடையாது,
நாளும் எடுக்கவேண்டும்.
முதலில் உடுப்புக் காயவிடும் கம்பிச் சட்டகம்.
அதில் ஆரபியின் நீச்சல் உடுப்பு,
எத்தனை தரம் தோய்த்தாலும் வெங்காயத்தை விடாத
குகதாசனின் ரெஸ்டோரண்ட் மேலங்கி.
இன்னும் ஈரம். மடிக்க ஏலாது.
ஹீட்டர் பக்கம் தள்ளலாம்.
பிறகு கதிரை.

கதிரையை இழுக்கக்கூடாது.
தை மாதம் தபால்பெட்டியில் ஒரு கடிதம் கிடந்தது,
கீழ்வீட்டு பிராவ் ஏஷ்லிமான் எழுதியது.
நிமிர்ந்த எழுத்து, மூன்று அடிக்கோடு:
ஆறு மணிக்கு முன்னர் தளபாடம் இழுபடும் சத்தம்.
ஏன் என்று கேட்கவில்லை.
அன்புடன் என்று முடித்திருந்தார்.
அன்று முழுக்க மனதுக்குள் பதில் எழுதினேன்,
நல்ல ஜெர்மனில்,
இன்றுவரை என் வாய்க்கு வராத ஜெர்மனில்.
மறுநாள் கண்ணை மூட
அவரும் வந்து பக்கத்தில் இருந்தார்.
ஒரு கிழமை எழும்பிப் போகவில்லை.

இப்போது தூக்குகிறேன்,
நித்திரையான பிள்ளையைக் கட்டிலுக்கு மாற்றுகிற மாதிரி.
நாலு கால்.
ஒவ்வொன்றாய் நிலம் தொடுவது
காதுக்கு முன்னம் உள்ளங்கைக்குத் தெரிகிறது.

இருக்கை, பழைய சாமான் கடையில் எட்டு பிராங்.
உள்ளே கோதுமை உமி.
குந்தும்போது எலி ஓடின மாதிரி ஒரு சரசரப்பு,
பிறகு அது அடங்கும், நான் அடங்க முதலே.

சிலை வைக்கவில்லை.
துப்புரவுக்குப் போகிற வீடுகளில் இருக்கிறார்,
குளியல்தொட்டி விளிம்பில்,
ஷாம்பூ போத்தலுக்குப் பக்கத்தில், கண்மூடி.
ஈரத்துணியால் துடைக்கிறேன்,
காதுமடல், கொண்டை, மடி.
இப்போது கை நடுங்குவதில்லை.

எங்கள் சந்திக்கு
காவலரணுக்குப் பின்னால் வந்தவர் அவர்.
ஓர் இரவில் சீமெந்து,
மறுநாள் வெள்ளைப் பூச்சு,
மூன்றாம் நாள் மின்குமிழ்.
மரம் முன்னமே அங்கு நின்றது.
அரசு என்றால் மரமும்தான் என்று
பள்ளிக்கூடத்தில் படித்தது.
அந்த அரசு வேறு, இந்த அரசு வேறு என்று பிரிக்க எனக்கு
பதினொரு வருடமும் இரண்டு அகதி விசாரணையும் பிடித்தன.
சில விடியலில் இன்னும் பிரிவதில்லை.
அப்போது வெறும் சுவரைப் பார்த்து இருக்கிறேன்.
சுவரில் ஓர் ஆணித்துளை.
வீடு திருப்பிக் கொடுக்கும்போது அடைக்கவேண்டும்,
ஒப்பந்தத்தில் இருக்கிறது.

சாவகச்சேரியில் இருந்து அக்கா போனில் கேட்டாள்:
அவங்கட சாமியையோ கும்பிடுறாய்?
கும்பிடேல்லை, சும்மா இருக்கிறன்.
சும்மா இருக்கவோ சுவிஸுக்குப் போனனீ?
இரண்டுபேரும் சிரித்தோம்.
பிறகு கொஞ்சநேரம்
இரண்டுபேரும் கதைக்கவில்லை.
போனை வைக்கவும் இல்லை.

இனி உள்ளே ஒதுக்கவேண்டும்.
அங்கே தூக்கப் பிடி இல்லை.
இன்று தோய்க்கும் அறை எங்கள் முறை,
சாவி வாசல் கொளுக்கியில்.
சரி.
ஆரபியின் பல் வைத்தியர் பில், முப்பதாம் திகதிக்குள்.
சரி.
அக்காவின் சிரிப்பு. அதற்குப் பின்னால் வந்தது.
அதற்குச் சரி சொல்ல வாய் வரவில்லை.
இருக்கட்டும்.
சட்டகத்தைத் தள்ளினமாதிரிக் கொஞ்சம் தள்ளி,
ஈரத்தோடு நிற்கட்டும்.

போன் குசினி லாச்சிக்குள்.
முழங்காலுக்குமேல் துவாய்.
கை எங்கே என்று கைக்குத் தெரியும்.
பேர்ன் போகும் முதல் ரயில்
பாலத்தில் ஏறி இறங்குகிறது.

கீழே
ஒரு கதிரை இழுபடுகிறது,
நீளமாக,
யாரும் கேட்கவில்லை என்று நினைப்பவர் இழுப்பதுபோல.

எண்ணத் தொடங்குகிறேன்.
ஒன்று.