இரட்டைக்கொம்பு

நடுவில் இரண்டு தடவை கரண்ட் போய்
யூபிஎஸ் கத்தியதில்
அடுத்த அறையிலிருந்து பிரிசில்லா திட்டினாள்.
எப்படியோ புது லினக்ஸ் ஏறிவிட்டது.

கடிகாரம் ஐந்தரை மணி பின்னால்,
வேறேதோ தேசத்தில் நிற்கிறது.
ஸ்பீக்கர் இருக்கிறதாம், சத்தம்தான் இல்லை.
பிரிண்டர் ஒன்று, பெயர் இரண்டு தடவை.

அதெல்லாம் போகட்டும்.
பச்சிலை எடைக் கணக்கைத் திறந்தால்
கோத்தகிரியின் கோ பிய்ந்து கிடக்கிறது:
இரட்டைக்கொம்பு தனியே,
புள்ளி வைத்த வெற்று வட்டம்,
கால் அடுத்த வரியில்.

ஒரு எழுத்துருவை நீக்கி
இன்னொன்றை இட்டேன்.
மணி மூன்று.
கணினிக்கு இன்னும் நேற்று, ஒன்பதரை.

நாய் குரைத்தது.
ஜன்னலைத் துடைத்தேன்.
தேயிலைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே
பனிமூட்டத்தின் மேல் இரண்டு கொம்பு.
உடம்பு இல்லை, கால் இல்லை.
நான் அசையவில்லை. அதுவும்.

பனி கொஞ்சம் விலக
காட்டெருமை துண்டு துண்டாய் வந்து சேர்ந்தது,
கடைசியில் வெள்ளை முழங்கால்கள்,
பிரிசில்லாவின் பீன்ஸ் பாத்தியில்.

மறுபடி தொடக்கினேன்.
திரையில் கோ,
கொம்பும் காலும் ஒட்டி.

ஸ்பீக்கர் இன்னும் ஊமை.
வெளியே மெல்லுகிற சத்தம்
நன்றாகக் கேட்கிறது.